கலைப்புலக் கூட்டாய்வுக்கு நிதிநல்கை பெறுவது எப்படி: இராமநாதபுரம் கடற்கரைக் கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரைக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். இரண்டு கல்லூரிகளும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து, இக்கரை மக்களின் வாய்மொழி வரலாற்றையும் வீடுகளில் உள்ள பழஞ்சுவடிகளையும் பதிவுசெய்யும் திட்டம் ஒன்றுக்கு நிதி கேட்டோம். முதல் விண்ணப்பம் வல்லுநர் குழுவின் கைக்கே போகவில்லை. தகுதிப் பரிசீலனையில் நின்றுவிட்டது. பங்காளர் நிறுவனத்தின் ஒப்புதல் கடிதத்தில் பதிவாளர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் துறைத்தலைவர் கையெழுத்திட்டிருந்தார் என்பதுதான் காரணம். எட்டு மாத உழைப்பு ஒரு கையெழுத்தில் முடங்கியது. அடுத்த அறிவிப்பில் மீண்டும் விண்ணப்பித்து நிதி பெற்றோம். வரலாறு, தமிழ், ஆங்கிலம், அரபி, நாட்டார் வழக்காற்றியல் முதலிய துறைகளில் பணிபுரிந்துகொண்டு முதன்முறையாகக் கூட்டுத் திட்டம் எழுத முனையும் உங்களுக்கு அந்த எட்டு மாதம் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. கூட்டு எதற்கு என்பதை ஒரு பத்தியில் எழுதிப் பாருங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், உங்கள் கல்லூரி தனியாகச் செய்ய முடியாத வேலை எது, அதை யாரால் செய்ய முடியும் என்று ஒரு பத்தி எழுதுங்கள். அந்தப் பத்தி எழுத வராவிட்டால், தனிநபர் ஆய்வுத் திட்டமாகவே விண்ணப்பிப்பது நல்லது. கூட்டுத் திட்டத்தில் வேலை குறைவதில்லை, கூடத்தான் செய்யும்.

கீழக்கரை வீடுகளில் உள்ள அரபுத்தமிழ் ஏடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அரபி எழுத்தில் தமிழைப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அது எந்த இலக்கிய வகை என்று சொல்லத் தமிழாசிரியர் வேண்டும். உப்புக் காற்றில் நொறுங்கும் தாளைக் கையாளச் சுவடிப் பாதுகாப்பு தெரிந்தவர் வேண்டும். வீட்டுக்காரர் கதவைத் திறக்க அவ்வூரில் நம்பிக்கை பெற்ற ஆசிரியர் வேண்டும். இந்த நால்வரும் ஒரே கல்லூரியில் இருப்பது அரிது. எனவே உள்ளூர்க் கல்லூரியும் சுவடியியல் துறை உள்ள பல்கலைக்கழகமும் சேர்வதற்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது. கடற்பாசி எடுக்கும் பெண்களின் வழக்குச்சொற்கள், சங்கு குளித்தவர்களின் நினைவுகள், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை விட்டு வெளியேறியவர்களின் வாக்குமூலம் ஆகியவையும் அப்படிப்பட்டவைதாம். கடைசியாகச் சொன்னதற்கு அவசரமும் உண்டு. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். விண்ணப்பத்தில் இந்த அவசரத்தை ஒளிக்காமல் எழுதுங்கள். மதிப்பிடுபவர் கேட்கும் முதல் கேள்வி, இதை ஏன் இப்போது செய்ய வேண்டும் என்பதுதான்.

ஒரு பொறியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொல்லியல் இடங்களான அழகன்குளமும் பெரியபட்டினமும் அருகில் இருப்பதால் அகழாய்வு என்ற சொல்லைத் திட்டத்தில் சேர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அகழாய்வுக்கு இந்தியத் தொல்லியல் துறையின் உரிமம் தேவை. அது வேறு நடைமுறை, வேறு காலக்கணக்கு. கலைப்புல நல்கையோடு அதைக் கலந்தால் இரண்டும் நின்றுவிடும்.

2. நிதி தரும் வாயில்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு சமூக அறிவியல் சார்ந்த பெருந்திட்டங்களுக்கும் சிறுதிட்டங்களுக்கும் அறிவிப்பு வெளியிடுகிறது. வாய்மொழி வரலாறு, இடப்பெயர்வு, தொழில்சார் சமூகங்கள் பற்றிய ஆய்வுகள் அங்கே பொருந்தும். வரலாற்றுச் சான்றுகளை மையமாகக் கொண்டவற்றுக்கு இந்திய வரலாற்று ஆராய்ச்சிக் குழுவும், செவ்வியல் தமிழ் சார்ந்தவற்றுக்குச் சென்னையிலுள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமும் உள்ளன. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் அறிவிப்புகளையும் தொடர்ந்து பாருங்கள். சுவடிகளுக்கு 2003-இல் தொடங்கப்பட்ட தேசியச் சுவடிகள் இயக்கம், 2025-26 நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு ஞான பாரதம் என்ற பெயரில் விரிவாக்கப்பட்டிருக்கிறது.

வெளிநாட்டு வாயில்களில் நம் கரைக்கு மிகப் பொருந்துவது பிரித்தானிய நூலகத்தின் அருகிவரும் ஆவணங்கள் திட்டம். 2004 முதல் நடக்கும் இத்திட்டத்தில் மூல ஆவணம் நாட்டை விட்டு வெளியே போகாது. எண்ணிம (டிஜிட்டல்) படி மட்டும் பகிரப்படும், அதன் ஒரு படி உள்ளூர் நிறுவனத்திலும் இருக்க வேண்டும். கீழக்கரைக் குடும்பங்களிடம் பேசும்போது இந்த நிபந்தனை எங்களுக்குப் பெரிதும் உதவியது. எழுபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட சுவடிகள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருவதால், மூலத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக எந்த விண்ணப்பத்திலும் ஒரு வரிகூட எழுதிவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் கூடவே வரும். உங்கள் கல்லூரியை நடத்தும் அறக்கட்டளைக்கு அந்தப் பதிவு இருக்கிறதா என்று முதல் நாளிலேயே நிர்வாக அலுவலகத்தில் கேளுங்கள். இருந்தால், பணம் புதுடெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்கில்தான் இறங்க வேண்டும். இல்லாவிட்டால், அறக்கட்டளை குறைந்தது மூன்றாண்டு இயங்கி, கடந்த மூன்று நிதியாண்டில் தன் நோக்கங்களுக்கு ரூ.15 லட்சம் செலவிட்டிருந்தால்தான் வழக்கமான பதிவுக்கே விண்ணப்பிக்க முடியும். கூட்டுத் திட்டக்காரர்கள் கட்டாயம் அறிய வேண்டியது 2020-ஆம் ஆண்டுத் திருத்தம். பெற்ற வெளிநாட்டு நன்கொடையை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதை அது தடைசெய்துவிட்டது. தலைமை நிறுவனம் பணத்தைப் பெற்றுப் பங்காளர் கல்லூரிக்குப் பிரித்து அனுப்பும் பழைய முறை இனி நடவாது. பங்காளர் ஊரில் நடக்கும் செலவையும் தலைமை நிறுவனமே நேராகச் செய்ய வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அதே திருத்தம்தான்.

முதன்முறை விண்ணப்பிப்பவர்கள் உள்நாட்டு நிறுவனத்திடமே தொடங்குங்கள் என்பது என் கருத்து. ஒரு சிறுதிட்டத்தைக் கணக்கோடு முடித்துக் காட்டிய கல்லூரிக்கு அடுத்த கதவு எளிதாகத் திறக்கிறது.

3. தலைமை நிறுவனம் எது என்று முடிவெடுங்கள்

யோசனை யாருடையதோ அவர் நிறுவனமே தலைமை ஏற்க வேண்டும் என்று நினைப்போம். அப்படி வைத்துக்கொள்ள முடிவதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 2எஃப் பிரிவில் அங்கீகாரமும் 12பி பிரிவில் மத்திய நிதி பெறும் தகுதியும் உண்டு. நம் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றுக்கு முதலாவது மட்டும் இருக்கும். பல அறிவிப்புகள் 12பி கேட்கும். ஆகவே சான்றிதழின் நகலைக் கண்ணால் பார்த்த பிறகே முடிவெடுங்கள். 'இருக்கிறது' என்ற வாய்ச்சொல் போதாது.

அடுத்தது ஆளைப் பற்றியது. முதன்மை ஆய்வாளர் திட்டக்காலத்துக்குள் ஓய்வு பெறுபவராக இருந்தால் பல அறிவிப்புகளில் தகுதி இழப்பார், அல்லது பொறுப்பை மாற்ற இடையில் தனி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு இடமாறுதலும் வரும். அதனால் இணை ஆய்வாளரின் தன்விவரத்தையும் முதன்மை ஆய்வாளருடையதற்கு நிகராக எழுதி வையுங்கள். மூன்றாவது, கணக்கு. மத்திய நிதி இப்போது பொது நிதி மேலாண்மை அமைப்பு எனப்படும் பிஎஃப்எம்எஸ் வழியாகவே வருகிறது. அதில் பதிவு செய்து, செலவை உரிய பகுதியில் ஏற்றத் தெரிந்த அலுவலர் ஒருவர் தலைமை நிறுவனத்தில் இருக்க வேண்டும். எங்கள் மூன்று நிறுவனங்களில் அப்படிப்பட்டவர் ஓரிடத்தில்தான் இருந்தார். அந்த நிறுவனத்தையே தலைமையாக வைத்தோம். ஆய்வுத் திறமையில் மற்ற இரண்டும் குறைந்தவை அல்ல.

4. புரிந்துணர்வு ஒப்பந்தத்தை விண்ணப்பத்துக்கு முன்பே எழுதுங்கள்

நிதி கிடைத்த பிறகு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். பணம் இல்லாத நேரத்தில் இரண்டு பக்கத்தில் முடியும் ஒப்பந்தம், பணம் வந்த பிறகு இருபது பக்கமானாலும் முடியாது.

கல்லூரிகளில் பொதுவாகச் சுற்றிவரும் ஒப்பந்த மாதிரியில் 'கல்விப் பரிமாற்றம்', 'மாணவர் பரிமாற்றம்' என்பன போன்ற சொற்களே இருக்கும். அது தரமதிப்பீட்டுக் கோப்புக்கு உதவலாம், திட்டத்துக்கு உதவாது. திட்ட ஒப்பந்தம் சில கேள்விகளுக்கு நேராக விடை சொல்ல வேண்டும். பணம் எந்தக் கணக்கில் விழும், செலவுக்கு எத்தனை பேர் கையெழுத்து, பங்காளர் ஊரில் ஆகும் செலவுக்கு முன்பணம் தரப்படுமா அல்லது ரசீது கொடுத்துப் பெறுவதா? ஒலிப்பதிவுக் கருவியும் ஸ்கேனரும் திட்டக்காலத்தில் யாரிடம் இருக்கும், முடிந்த பிறகு எந்த நிறுவனத்தின் இருப்புப் பதிவேட்டில் ஏறும்? மூலப் பதிவுகளின் படிகள் எத்தனை, எங்கே? கட்டுரை வெளிவந்தால் பெயர்கள் எந்த வரிசையில்? ஒருவர் விலகினால் அவர் சேகரித்தவை யாருக்கு?

கருவி பற்றிய வரியைச் சிறியது என்று விட்டுவிடாதீர்கள். நாங்கள் விட்டுவிட்டோம். ஸ்கேனர் தலைமை நிறுவனத்தின் இருப்பில் ஏறியதால், அதை வெளியே எடுத்துச் செல்ல ஒவ்வொரு முறையும் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. ஒரு வீட்டுக்காரர் ஏடுகளைக் காட்டச் சம்மதித்த வாரத்தில் அந்தக் கடிதம் வரவில்லை. அவர் வெளியூருக்குப் புறப்பட்டுப் போனார். அடுத்து அவர் வர ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டில் ஏடுகளில் பூச்சி எவ்வளவு தின்றது என்பதை நினைக்கவே மனம் வலிக்கிறது.

யார் கையெழுத்திட வேண்டும் என்பதைத் தனியே சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் சார்பில் பதிவாளர். சுயநிதி அல்லது உதவிபெறும் கல்லூரியில் முதல்வரோடு செயலரும். அரசுக் கல்லூரியில் முதல்வர் கையெழுத்திடுவதற்கு முன் மண்டல இணை இயக்குநர் வழியாகக் கல்லூரிக் கல்வி இயக்ககத்தின் அனுமதியைப் பெற வேண்டி வரலாம். அதற்குக் குறைந்தது இரண்டு மாதத்தை ஒதுக்குங்கள். பல்கலைக்கழகத்தில் ஒப்பந்தம் ஆட்சிக்குழுக் கூட்டத்துக்குப் போகும் என்றால், அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கி நாள் எண்ணுங்கள். எங்கள் கோப்புக்காக நான் நான்கு முறை பேருந்தில் பல்கலைக்கழகம் போய்வந்தேன். மூன்று முறை, அஞ்சலில் அனுப்பியிருந்தால் போதும் என்ற நிலை. நான்காவது முறை, நேரில் போகாமல் இருந்திருந்தால் கோப்பு அப்படியே கிடந்திருக்கும்.

முத்திரைத்தாளின் மதிப்பு எவ்வளவு என்பதைப் பழைய ஒப்பந்தத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கட்டணங்கள் மாறியுள்ளன, வாங்கும் நாளில் முத்திரைத்தாள் விற்பனையாளரிடமோ சார்பதிவாளர் அலுவலகத்திலோ கேட்டு வாங்குங்கள்.

5. ஆவணக் கோப்பை ஒரே நாளில் திரட்ட முடியாது

அறிவிப்புக்கும் கடைசி நாளுக்கும் இடையே பெரும்பாலும் நான்கைந்து வாரம்தான் இருக்கும். எனவே அறிவிப்பு வராத காலத்திலேயே கீழ்க்கண்டவற்றைத் திரட்டி ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். 2எஃப், 12பி சான்றுகள். பல்கலைக்கழக இணைவு ஆணை. அறக்கட்டளைப் பதிவுப் பத்திரமும் பான் எண்ணும். தொண்டு நிறுவனமாக இருந்தால், அவற்றைப் பதிவுசெய்யும் அரசின் தர்பண் தளத்தில் பெற்ற அடையாள எண். கடந்த மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை. வங்கிக் கணக்கின் ரத்துசெய்த காசோலை. ஆய்வாளர் ஒவ்வொருவரின் தன்விவரம், முனைவர் பட்டச் சான்று, பணிநியமனச் சான்று. முந்தைய நல்கை எதுவும் நிலுவையில் இல்லை என்ற உறுதிமொழி.

கடைசியாகச் சொன்னதில் பலர் சிக்குகிறார்கள். உங்கள் நிறுவனத்தின் வேறொரு துறை பத்தாண்டுக்கு முன் நடத்திய கருத்தரங்குக்கு, பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைக் கொடுக்காமல் விட்டிருந்தால், அந்த நிலுவை உங்கள் விண்ணப்பத்தின்மேல் வந்து விழும். கணக்குப் பிரிவில் கேட்டு, இருந்தால் முதலில் அதை முடியுங்கள்.

பெயரின் எழுத்தும் கவனத்துக்குரியது. ஆதாரில் ஒரு விதமாகவும் பான் அட்டையில் வேறு விதமாகவும் பட்டச் சான்றில் இன்னொரு விதமாகவும் இருந்தால் சரிசெய்யவே ஒரு மாதம் ஆகும். கீழக்கரை, கீழக்கரைப் பகுதி, கீழைநகர் என்று கல்லூரி முகவரியை மூன்று விதமாக எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். பிஎஃப்எம்எஸ் பதிவில் உள்ளபடியே எல்லாத் தாளிலும் எழுதுங்கள்.

6. வரவுசெலவுத் திட்டம்: ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு வேலை

வல்லுநர்கள் முதலில் புரட்டும் பக்கம் இதுவாகத்தான் இருக்கும் என்று நம்புகிறேன். ஏனெனில் ஆய்வு எப்படி நடக்கும் என்பது அறிமுகவுரையைவிட இங்கேதான் தெளிவாகத் தெரியும். உருண்டைத் தொகைகளை எழுதாதீர்கள். 'களப்பணி: இரண்டு லட்சம்' என்பதைவிட, எத்தனை ஊர், எத்தனை நாள், எத்தனை பேர், ஒரு நாளுக்கு எவ்வளவு என்று பெருக்கிக் காட்டுங்கள்.

கலைப்புலத்தார் எப்போதும் குறைத்து எழுதுவது எழுத்தாக்கச் செலவு. ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அறுபது பேரிடம் ஒன்றரை மணி நேரம் பேசினால் தொண்ணூறு மணி நேரப் பதிவு. வட்டார வழக்கில், கடற்காற்றும் பிள்ளைகளின் சத்தமும் கலந்த பதிவை எழுத்தாக்க, ஒரு மணிப் பதிவுக்கு எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆயிற்று. ஆக 630 மணி நேரம். நாளுக்கு ஆறு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்தால் 105 வேலைநாள்; அதாவது ஏறத்தாழ ஐந்து மாத ஊதியம். முதல் விண்ணப்பத்தில் இதற்கு ஒரு மாத ஊதியம் எழுதியிருந்தோம். அது அப்படியே ஏற்கப்பட்டிருந்தால் பதிவுகள் இன்றும் பெட்டியில் கிடந்திருக்கும்.

சேமிப்பிடமும் அப்படித்தான். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் சுருக்காத இரட்டைத்தட ஒலிப்பதிவு மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி இடம் பிடிக்கும். ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் வண்ணமாக, சுருக்காமல் சேமித்தால் 26 எம்பி அளவுக்கு வரும். ஏடுகளுக்கு இதைவிடக் கூடிய துல்லியம் வேண்டும். மூன்று படிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்ற கணக்கில் வன்தட்டுகளுக்கு எழுதுங்கள். கடற்கரையில் வைக்கும் வன்தட்டுக்கும் கேமராவுக்கும் ஈரம் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வேண்டும். இது மிகச் சிறிய தொகைதான்; ஆனால் எழுதாவிட்டால் கைக்காசுதான்.

நல்கை நிறுவனங்கள் ஊழியர் ஊதியம், களப்பணி, கருவி, சில்லறைச் செலவு ஆகியவற்றுக்கு விழுக்காட்டு வரம்பு வைத்திருக்கும். அந்தந்த ஆண்டின் நெறிமுறையை அச்சிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். ஒரு தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்கு மாற்றுவதற்கு முன்அனுமதி வேண்டும். கருவிகளை அரசு மின்சந்தையான ஜெம் தளத்தில் வாங்கச் சொன்னால் அங்கேயே வாங்குங்கள். இராமநாதபுரத்துக் கடையில் விலை குறைவு என்ற நியாயம் தணிக்கையில் எடுபடாது.

தகவல் தரும் முதியவர்களுக்கு மதிப்பூதியம் எழுத மறக்காதீர்கள். ஒரு நாள் வேலையை விட்டு நம்மோடு உட்காரும் பாசி எடுக்கும் அக்காவுக்கு அன்றைய கூலி போகிறது. அதை ஈடுசெய்வது நம் கடமை. வவுச்சரில் பெயர், ஊர், நாள், தொகை, கையெழுத்து அல்லது கைநாட்டு, சாட்சி ஆகியவை இருக்கட்டும். ரூ.5,000-க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் வருவாய் வில்லை ஒட்ட வேண்டும்.

7. காலத்திட்டத்தைக் கடலை வைத்து வகுத்துக்கொள்ளுங்கள்

டெல்லியில் எழுதப்பட்ட மாதிரிக் காலத்திட்டத்தில் முதல் ஆறு மாதம் நூலாய்வு, அடுத்த ஆறு மாதம் களப்பணி என்று இருக்கும். நம் கரைக்கு அது பொருந்தாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், இராமேசுவரம், மண்டபம் பகுதி விசைப்படகுத் தொழிலாளர்கள் அப்போது கரையில் இருப்பார்கள், நிதானமாகப் பேசுவார்கள். வலை பின்னிக்கொண்டே பேசும் பதிவுகள்தாம் எங்களிடம் உள்ளவற்றில் சிறந்தவை. ஆனால் அதே இரண்டு மாதத்தில்தான் கல்லூரித் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் வரும். ஆகவே களப்பணியாளரை மாணவர்களில் இருந்து மட்டும் எடுக்காமல், படிப்பை முடித்த உள்ளூர் இளைஞர் ஒருவரையாவது திட்ட உதவியாளராகக் காட்டுங்கள். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை என்பதால் அவர்களுக்கு வேறு நாள் பார்க்க வேண்டும். பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடலுக்குப் போவார்கள். இடைப்பட்ட நாட்களில் போய்ப் பாருங்கள். கீழக்கரையில் ரமலான் மாதத்தில் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் உள்ள குடும்பத் தலைவர்கள் பெருநாளுக்கு வந்திருக்கும்போது ஏடுகளுக்கு அனுமதி கேட்பது நல்லது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த ஈரத்தில் ஏட்டைப் பிரிக்கக் கூடாது. அந்த மாதங்களை எழுத்தாக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

இதை விண்ணப்பத்தில் மாதவாரியாக அட்டவணை போட்டுக் காட்டினோம். இரண்டாம் முறை நேர்காணலில் குழுவினர் மிகுதியாகக் கேள்வி கேட்டது இந்த அட்டவணையைப் பற்றித்தான். களத்தை அறிந்தவர்கள் எழுதியது என்பதை அது காட்டியது.

8. அனுமதிகளும் மக்களின் ஒப்புதலும்

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க முடியாது. தீவுக்குப் போகாமலே உங்கள் ஆய்வு நடக்குமானால் தீவின் பெயரையே திட்டத்தில் எழுதாதீர்கள். தேவையென்றால், விண்ணப்பிக்கும்போதே இராமநாதபுரத்திலுள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் நடைமுறையைக் கேட்டு, காத்திருக்கும் காலத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ட்ரோன் படப்பிடிப்பை எழுதுவதற்கு முன் இன்னும் யோசியுங்கள். உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது. ட்ரோன் பறக்கும் மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஊர் எந்த மண்டலம் என்று பார்க்காமல் கருவி வாங்கினால் அது பெட்டியிலேயே கிடக்கும்.

ஊர் அனுமதி எழுத்தில் கேட்கப்படாத ஒன்று. ஆனால் ஜமாஅத், பங்குத்தந்தை, ஊர்த் தலைவர், மீனவர் சங்கம் என்று அந்தந்த ஊருக்குரியவரிடம் முதலில் போய், என்ன செய்யப் போகிறோம், பதிவு எங்கே இருக்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். முடிந்தால் ஆதரவுக் கடிதமும் பெறுங்கள். அது விண்ணப்பத்துக்கு வலு சேர்க்கும்.

ஒப்புதல் படிவம் பேச்சுத் தமிழுக்கு நெருக்கமான, படித்துக் காட்டத்தக்க நடையில் இருக்கட்டும். பெயரை வெளியிடலாமா, குரலை இணையத்தில் வைக்கலாமா, ஆய்வாளர் மட்டும் கேட்கலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். எல்லை தாண்டிய மீன்பிடிப்பு, கைது, வழக்கு ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு திரும்பினால், அந்தப் பகுதியைத் தனியே மூடி வைக்கும் உரிமை பேசுபவருக்கு உண்டு என்று படிவத்திலேயே எழுதுங்கள். நம்மை நம்பிப் பேசியவருக்கு நம் பதிவால் ஒரு தீங்கும் வரக் கூடாது. நெறிமுறைக் குழு உங்கள் கல்லூரியில் இல்லாவிட்டால் பங்காளர் பல்கலைக்கழகத்தின் குழுவில் ஒப்புதல் பெறுங்கள். கூட்டுத் திட்டத்தால் கிடைக்கும் நேரடிப் பயன்களில் இது ஒன்று.

9. இணையத்தில் ஏற்றுதல்

கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்னதாக ஏற்றிவிடுங்கள். கடைசி மாலையில் தளம் திணறும். நம் ஊரில் மின்சாரமும் போகும். அச்சுப்படியையும் அனுப்பச் சொன்னால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஏற்றிய பிறகு கிடைக்கும் விண்ணப்ப எண்ணைப் பங்காளர்கள் எல்லோருக்கும் அனுப்பிவையுங்கள்.

10. பணம் வந்த பிறகு

விண்ணப்பம் ஏற்றியதில் இருந்து முதல் தவணை வர எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. அனுமதிக் கடிதம் வந்த நாளில் செலவைத் தொடங்கிவிடாதீர்கள். ஏற்புக் கடிதம், உறுதிமொழிப் பத்திரம், கணக்கு விவரம் எல்லாம் போய்ச் சேர்ந்து, திட்டம் தொடங்கும் நாள் என்று எழுத்தில் வந்த தேதிக்கு முந்தைய ரசீது எதுவும் செல்லாது.

பணம் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வந்தால் பதறாதீர்கள். மார்ச் 31-இல் நிதியாண்டு முடிவதால் செலவழியாத தொகையை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுசெல்ல உடனே எழுத்தில் அனுமதி கேளுங்கள். அவசரமாகக் கருவிகளை வாங்கிக் குவித்துக் கணக்கு முடிப்பது பெருந்தவறு. அடுத்த ஆண்டு உதவியாளருக்கு ஊதியம் தரப் பணம் இருக்காது. பயன்பாட்டுச் சான்றிதழ் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவத்தில், பொதுச் செலவு, ஊதியம், மூலதனச் சொத்து என்று பிரித்துக் காட்டப்பட வேண்டும். முதல் வவுச்சரில் இருந்தே இந்த மூன்று நெடுவரிசையில் பதிவேடு வைத்திருந்தால் ஆண்டு முடிவில் அரைநாள் வேலை. வைக்காவிட்டால் ஒரு மாதம். நல்கைத் தொகை வங்கியில் ஈட்டிய வட்டி நம்முடையது அல்ல. அதைக் கணக்கில் காட்டித் திருப்பிச் செலுத்த வேண்டும்.

கடைசித் தவணை, இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே வருவது வழக்கம். அதுவரை கடைசி மாதங்களின் செலவை நிறுவனம் தாங்க வேண்டும். இதை முதல்வரிடமும் செயலரிடமும் தொடக்கத்திலேயே சொல்லி ஒப்புதல் வாங்கி வையுங்கள். அறிக்கையை (முன்பு வெளிவந்த எழுத்தோடு ஒத்திருக்கிறதா என்று பார்க்கும்) ஒப்புமைச் சோதனைக்கு உட்படுத்தும்போது, பங்காளர்கள் தனித்தனியே முன்பு வெளியிட்ட சொந்தக் கட்டுரைகளின் பகுதிகள் அப்படியே இருந்தால் அவையும் ஒப்புமையாகவே காட்டப்படும். மூவர் எழுதிய இயல்களையும் ஒருவர் உட்கார்ந்து திருத்தி எழுத ஆறு வாரமாவது வேண்டும்.

பதிவுகளின் படிகளை ஒப்படைப்பதை அறிக்கைக்குப் பின் தள்ளாதீர்கள். திட்ட உதவியாளரின் பணிக்காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்பே, கோப்புப் பெயர்ப் பட்டியலோடு வன்தட்டுகளை ஒவ்வொரு பங்காளர் நூலகத்திலும் கொடுத்து, நூலகரின் ஒப்புகைச் சீட்டைப் பெறுங்கள். ஏடு தந்த குடும்பத்துக்கு அவர்களின் ஏட்டின் படத்தையும், பேசிய ஒவ்வொருவருக்கும் அவர் குரல் உள்ள பென்டிரைவையும் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். இதற்காகும் போக்குவரத்துச் செலவையும் பென்டிரைவ் விலையையும் ஆறாம் பகுதியில் சொன்ன வரவுசெலவுத் திட்டத்திலேயே தனி வரியாகச் சேர்த்துவிடுங்கள்.